விளையாட்டும் வினையும்

“விளையாட்டு வினையாகும்” என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேளாதவர் நம்முள் இலர். வினை என்ற சொல்லுக்கு உலகோர் கொள்ளும் பொருள் வம்பு, தீங்கு என்ற அளவில் நின்றுவிடும். சமணராகிய நமக்கோ அது உயிரோடு வந்து ஒட்டும் நுண்பொருளைக் குறிக்கும் சொல். ஆதலின் அப்பழமொழி பிறர் செவியில் விழுவதைவிட நம் செவியில் ஆழமாக விழுதல் வேண்டும். விளையாட்டு எந்த இடத்தில் வினையாகிறது? பொழுதுபோக்காக ஆடும்போதா, வெல்வதே குறியாகப் போட்டியிட்டு ஆடும்போதா?

இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுத்து வரவில்லை. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கங்களில் குடியிருக்கும் நம் சிராவகியர் சிலர், தம் பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டைப் பற்றிக் கேட்டதிலிருந்து எழுந்தது இது. “டீச்சர், என் மகன் சும்மா பிடித்துப் பிடித்துச் சேர்த்து வைக்கிறான், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பையன்தான் சண்டைக்கென்றே ஆடுகிறான்” என்றார் ஒரு தாய். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி பொருந்துமா என்பதை இங்கே ஆராய்வோம்.

விளையாட்டின் பெயர் போக்கிமான். அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவோம். விந்தை விலங்குகளைத் தேடிப் பிடித்து, வளர்த்து, பிறர் வளர்த்தவற்றோடு மோதவிடுவது இதன் அமைப்பு. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக முதலில் வெளிவந்தது. அன்று விலங்கு வகைகள் 151. இன்று ஆயிரத்துக்கும் மேல். நம் பிள்ளைகள் ஆடுவது 2016இல் வந்த போக்கிமான் கோ. இதற்கு நடக்க வேண்டும். கைப்பேசி தெருவின் வரைபடத்தைக் காட்டும். கோயில், சிலை, பூங்கா போன்றவை அதில் நிறுத்தங்களாக அமைந்திருக்கும். நடக்க நடக்க விலங்குகள் தோன்றும். பந்தை எறிந்தால் அதனுள் அடங்கும். மாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஓர் இளைஞர் கைப்பேசியைப் பார்த்தபடி திடீரென நின்றுவிட்டால், சர்க்கரை நோய்க்காக விரைந்து நடக்கும் எம் போன்றோர் மோதிக்கொள்ளாமல் விலக வேண்டியிருக்கிறது. அது போகட்டும்.

இதனைப் படைத்தவர் சடோஷி தாஜிரி, 1965இல் பிறந்தவர். தோக்கியோவை அடுத்த மச்சிதா என்னும் புறநகரில் வளர்ந்தவர். சிறு வயதில் குளக்கரையிலும் வயலிலும் வண்டுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். நகரம் பெருகி அவ்விடங்கள் கட்டடங்களாயின. வண்டு தேடும் மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் தர வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே இவ்விளையாட்டு பிறந்தது. தாம்பரத்தார்க்கு இக்கதை புதிதன்று. சேலையூரும் செம்பாக்கமும் இராஜகீழ்ப்பாக்கமும் ஏரியும் கழனியுமாக இருந்ததை நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர் உளர். அந்நாளில் பிள்ளைகள் பொன்வண்டு பிடிப்பர். தீப்பெட்டிக்குள் அடைத்து, இலை இரண்டைத் தீனியாக இட்டு, வகுப்புக்குக் கொண்டுவருவர். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடுவர். ஒன்று கொடுத்து ஒன்று மாற்றிக்கொள்வர். சில நாளில் பெட்டியைத் திறந்தால் பச்சை மினுக்கு மட்டும் குன்றாமல் இருக்கும், உயிர் இராது. நம் இல்லத்துப் பிள்ளைகளை அதைத் தொடவிடமாட்டார்கள். அவர்களும் பிறர் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த விளையாட்டில் வண்டு சாவதில்லை. மோதலில் தோற்ற விலங்கு மயங்கி விழும், மருந்தளித்தால் எழும். சேவற்சண்டையையும் கிடாய்ச்சண்டையையும் பார்த்தும் கேட்டும் வளர்ந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று. விலங்குகளைத் தூண்டிப் பொருதவிட்டு வேடிக்கை பார்ப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருந்தும், பொங்கலையொட்டிச் சேவற்சண்டைச் செய்தி வராத ஆண்டில்லை. உயிரை விடுத்து உருவத்தை மோதவிடுவதனால், சேவலின் காலில் கத்தி கட்டும் வேலை ஒழிகிறது. இதை மேன்மையென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆயினும் நம்மவர்க்கு இதில் வேறொரு மனக்குறை எழுந்தது. 2016 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. இவ்விளையாட்டு வழிபாட்டிடங்களில் முட்டைகளைக் காட்டுகிறது, இது இந்துக்களின், சமணர்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்பது முறையீடு. நீதிமன்றம் விளையாட்டு நிறுவனத்துக்கும் அரசுகளுக்கும் அறிவிப்பு அனுப்பியது. அவ்வாண்டு டிசம்பரில்தான் இவ்விளையாட்டு நம் நாட்டில் முறைப்படி வெளியாயிற்று; அதற்கு முன்பே வழக்கு வந்துவிட்டது! திருக்கோயிலின் தூய்மை கருதியோர் மன உணர்வை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த முட்டை உண்பதற்குரியதன்று. இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டர் நடந்து குஞ்சு பொரிக்கச் செய்வது. அதை உடைப்பாரும் இலர், சமைப்பாரும் இலர். கோயில் வாயிலில் கைப்பேசியைப் பார்த்து நிற்பது முறையற்றது என்றால், அங்கு நின்று செய்தி படிப்பதும் அவ்வாறே. நாம் அஞ்ச வேண்டியது முட்டையை அன்று.

உருவம்தானே, உயிரில்லையே என்று சொல்லிக் கடந்துவிடவும் நம் சமயம் இடம் தரவில்லை. யசோதர காவியத்தை அறிந்த நமக்கு மாக்கோழி நினைவுக்கு வராமல் இராது. தீக்கனவுக்குக் கழுவாயாக உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வேண்ட, மறுத்த யசோதரன் இறுதியில் மாவினால் செய்த கோழியைச் சண்டமாரிக்குப் பலியிட இசைந்தான். மாவுக்கு உயிரேது? எனினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். திரவிய இம்சை இல்லை. பாவ இம்சை இருந்தது. உடலுக்கு நேர்ந்த ஊறு இல்லை. உள்ளத்தில் கொலை நிகழ்ந்தது.

அப்படியானால் கைப்பேசி விலங்கும் மாக்கோழியே என்று முடித்துவிடலாமா? நம் பாடசாலை ஆசிரியர் சிலர் அவ்வாறே கருதுகின்றனர். நாம் உடன்படவில்லை. யசோதரன் அந்த மாவை உயிருக்கு ஈடாக, கொல்லும் கருத்தோடு வெட்டினான். சதுரங்கத்தில் யானையை வெட்டுகிறோம், குதிரையை வெட்டுகிறோம், சொல்லளவில் கொலைக்களம்தான். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, நம் குழந்தைகளை அழைத்துச் சென்ற பெற்றோரில் எவரும் இம்சை என்று கலங்கவில்லை. வெட்டுகிறவன் உள்ளத்தில் யானை இல்லை, கட்டம் இருக்கிறது. மோதல் என்ற அளவில் போக்கிமானும் அத்தகையதே. ஆகவே மோதலை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடுவோம்.

முதலில் “சும்மா” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பிரோபெல், மாண்டிசோரி ஆகியோர் கருத்துகளைப் படித்தோம். மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். பரிசும் தண்டனையும் குழந்தையின் கல்விக்கு வேண்டாதவை என்றவர். அவர் வழியில் நின்று, பரிசில்லா விளையாட்டு தூயது, போட்டி மாசுடையது என்று சொல்வோர் பலர். ஆனால் நம் இல்லறத்தார் விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என ஒன்றுண்டு. பயன் எதுவுமின்றிச் செய்யும் தீமையை விலக்குவது அது. உழுபவனுக்கும் சமைப்பவளுக்கும் தம் தொழிலில் நேரும் குற்றத்தை ஒருவாறு பொறுத்துக்கொண்ட நம் ஆசாரியர்கள், பயனின்றிச் செய்வதைத் தனியே எடுத்து விலக்கினர். நடந்து போகிறவன் வேலியோரத்துத் தழையைச் சும்மா கிள்ளிப் போடுவதும் அதில் அடங்கும். “சும்மாதான் செய்தேன்” என்பது நம் சமயத்தில் குற்றத்தைக் குறைக்கும் சொல்லன்று.

சும்மா சேர்க்கும் சிறுவன் என்ன செய்கிறான்? அனைத்தையும் பிடித்துவிட வேண்டும் என்பதே இவ்விளையாட்டை உலகெங்கும் பரப்பிய விளம்பரச் சொல். எத்தனை பிடித்தாலும் புதிய வகை வந்துகொண்டே இருக்கும். ஒரே வகையில் ஆண், பெண், வேறு நிறம், தொப்பி அணிந்தது, அணியாதது என்று வேறுபாடுகள். சேர்க்கும் பை நிறைந்துவிட்டால் விளையாட்டுக்குரிய நாணயம் கொடுத்துப் பையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்த நாணயத்தை மெய்யான பணம் கொடுத்தும் வாங்கலாம். நாள்தோறும் முதலில் பிடிப்பதற்குத் தனிப் பரிசு. ஏழு நாள் விடாமல் பிடித்தால் மிகுதியான பரிசு. ஒரு நாள் விட்டால் தொடர் அறுந்துபோகும். மிகுபொருள் விரும்பாமை என்ற அணுவிரதத்தில், இவ்வளவே போதும் என்று இல்லறத்தான் தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ப்போனுக்கு அவ்வெல்லை எங்கும் இல்லை. அவன் எவரையும் தோற்கடிப்பதில்லை என்பது மெய். உலோபத்துக்கு எதிராளி தேவையில்லையே.

எதிர்வீட்டுப் பையனின் ஆட்டத்தில் எல்லை உண்டு. போக்கிமான் கோவில் 2020 முதல் நடக்கும் போர்க்குழுப் போட்டியில் ஒருவர் மூன்று விலங்குகளையே இறக்கலாம். கருவியில் ஆடும் உலகப் போட்டியில் ஆறு கொண்டுவந்து நான்கை இறக்குவர். நாளொன்றுக்கு இத்தனை ஆட்டம் என்ற வரம்பு உண்டு. பருவம் தொடங்கி முடிவதும் உண்டு. ஒரு பிரிவில் 1500 என்ற வலிமை அளவைத் தாண்டிய விலங்குக்கு இடமே இல்லை; அடுத்த பிரிவில் 2500. தன்னிடம் உள்ள சிலவற்றின் இயல்பைத் தெரிந்து, எதிராளியுடையதையும் எண்ணிப் பார்த்து ஆட வேண்டும். தோல்வி நாள்தோறும் வரும். அதைத் தாங்கவும் பழகுகிறான். அவனுக்கு நேரக்கூடிய நோய் உலோபமன்று, மானம். தான் என்னும் செருக்கு தோல்வி காணக் காணத் தேயும். சேர்ப்போனின் உலோபத்தைத் தேய்க்க அவ்விளையாட்டில் ஒன்றுமில்லை. எல்லையுள்ள போட்டி எல்லையற்ற பொழுதுபோக்கைவிடத் தீங்கு குறைந்தது என்பதே எம் கருத்து. தாயார் சிலர்க்கு இது உவப்பாக இராது.

ஆனால் போட்டியில் ஒரு நஞ்சு உண்டு. அது களத்தில் இல்லை; களத்துக்கு முன் நடக்கும் கழிப்பில் இருக்கிறது.

பிடித்த ஒவ்வொரு விலங்குக்கும் தாக்குதல், தற்காப்பு, உயிராற்றல் என மூன்று மறை எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. மூன்றும் 15 ஆக அமைவது 4096 வகைகளில் ஒன்று. பழைய கருவி ஆட்டத்தில் ஆறு எண்கள். அவை 31 வரை ஏறும். ஆறும் நிறைந்த ஒன்றைப் பெறப் போட்டியாளர் நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கவைத்து, எண் குறைந்த குஞ்சுகளை வெளியேற்றுவர். கோ விளையாட்டில் அவற்றை ஒரு பேராசிரியருக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பினால் ஒரு மிட்டாய் கிடைக்கும். அந்த மிட்டாய், வைத்துக்கொண்டதை வளர்க்க உதவும். பேராசிரியர் அவற்றை வைத்து என்ன செய்கிறார் என்று விளையாட்டு சொல்வதில்லை. எம் பேரன் பிடித்ததை ஒரு நொடி பார்ப்பான், எண் தெரியும், அனுப்பிவிடுவான். “ஏனப்பா?” என்றால், “அது குப்பை, பாட்டி” என்பான். மாலை ஒரு மணி நேரத்தில் ஐம்பது முறை அச்சொல் வரும்.

அந்தச் சொல்லைத்தான் நாம் அஞ்சுகிறோம். விலங்குக்கு நோவில்லை, ஐயமில்லை. பார்க்கும் கண்ணுக்கு ஒரு பழக்கம் ஏறுகிறது. பிறந்த நொடியில் எண்ணைப் பார்ப்பது, எண்ணைக் கொண்டு கழிப்பது, கழித்ததில் பெற்ற மிட்டாயால் மற்றொன்றைக் கொழுக்கவைப்பது. இப்பழக்கம் கைப்பேசிக்குள்ளேயே நின்றுவிடும் என்று நம்புவதற்கு, முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறை எமக்கு இடம் தரவில்லை. புறநகர்த் தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஒன்பதாம் வகுப்பு முடிவில் நடப்பதைப் பெற்றோர் அறிவர். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் பலகை வைக்க வேண்டும். எண் குறைந்த பிள்ளையின் தந்தையை அழைத்து, “வேறு பள்ளியில் சேர்த்தால் அவனுக்கு நல்லது” என்று மென்மையாகச் சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பர். அப்பிள்ளை எங்கே போனான், என்ன ஆனான் என்று பின்னர் எவரும் கேட்பதில்லை. நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரே ஆண்டில் பதினொரு சான்றிதழ்கள் அவ்வாறு எழுதப்பட்டன. பலகையும் வைக்கப்பட்டது. அப்பலகையை வைத்த பெரியவர்களுக்குப் போக்கிமான் என்றால் என்னவென்றே தெரியாது. விளையாட்டு இதைக் கற்பித்தது என்று நாம் சொல்ல வரவில்லை; நாம் செய்வதைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுகிறார்கள் என்பதே பொருத்தம்.

விளையாட்டை அமைத்தவர்களே இக்கழிப்பைத் தணிக்க முயன்றிருக்கின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் வந்த கருவி ஆட்டத்தில், குறைந்த எண்ணோடு பிறந்த விலங்கையும் பயிற்சியால் நிறைந்த எண்ணுக்கு ஒப்பாக உயர்த்தும் வழி வைக்கப்பட்டது. 2019இல் வந்ததில் பிறவிக் குணத்தின் பயனையும் மாற்றலாம் என்றாயிற்று. பிறப்பு முடிவன்று, முயற்சி உண்டு என்பது நமக்குப் பழக்கமான உண்மை. விளையாட்டில் கண்டபோது எமக்கு வியப்பே. இன்னொரு நகைப்பும் உண்டு. 1500 வரம்புள்ள பிரிவில், தாக்குதல் எண் குறைந்த விலங்குதான் பெரும்பாலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். எதைக் குப்பை என்று அனுப்பினார்களோ அதையே பின்பு தேடி அலைவார்கள்.

விரதம் என்ற சொல்லை அறியாமலே விரதம் பூண்டோரும் இவ்விளையாட்டில் உளர். 2010இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் வரைந்த சித்திரக் கதையிலிருந்து ‘நஸ்லாக்’ என்றொரு முறை பரவியது. எந்த நிறுவனமும் வகுக்காத விதி அது. ஒரு நிலப்பகுதியில் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். வலிமை பார்த்துத் தேர்ந்தெடுத்தல் கூடாது. பிடித்ததற்குப் பெயரிட வேண்டும். மோதலில் ஒரு முறை மயங்கினால் அது இறந்ததாகக் கொண்டு பிரிந்துவிட வேண்டும். வலியத் துன்பத்தைத் தேடிக்கொள்வானேன் என்று தோன்றும். ஆனால் இவ்விதியில் ஆடியோர், எண் குறைந்த சிறு விலங்குகளைப் பெயர் சொல்லிக் காத்து, இழந்தபோது வருந்துகின்றனர். இது போட்டியுமன்று, பொழுதுபோக்குமன்று. மூன்று விதிகள் அதே படத்துக்கு ஓர் உயிரின் மதிப்பைத் தந்துவிட்டன. இம்முறையை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தபோது பெரிய வகுப்பினர் சிரித்தனர், எட்டு வயதுப் பெண் ஒருத்தி மட்டும், “பெயர் வைத்தபிறகு எப்படி டீச்சர் அனுப்புவது?” என்று கேட்டாள்.

வாய்மையைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்டில் ஜப்பானின் யோக்கோகாமாவில் நடந்த உலகப் போட்டியில் ஆட்டக்காரர் சிலர் விலக்கப்பட்டனர். முறையாகப் பிடித்து வளர்க்காமல், கணினி நிரலால் ஆக்கிய விலங்குகளை அவர்கள் கொண்டுவந்திருந்தனர். வளர்த்ததற்கும் ஆக்கியதற்கும் எண்ணில் வேறுபாடில்லை, வளர்க்கப் பல மணி நேரம் வீணாகிறது, களத்துத் திறமைதானே போட்டி என்று அவர்கள் சார்பில் வாதிட்டோர் பலர். வாதத்தில் வலிமை இருக்கிறது. விதி அறிவற்றது என்று கருதினால் அதை மாற்றக் கேட்கலாம். போட்டியிலிருந்து விலகியும் நிற்கலாம். விதியை ஏற்றதாகக் காட்டிக்கொண்டு மறைவில் மீறுவது மாயம். கள்ளாமை என்ற விரதத்துக்குள் கள்ள அளவையும் போலிச் சரக்கும் அடங்குவதை வணிகம் செய்யும் நம் குடும்பத்தாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாயாருக்கு நாம் கூறிய மறுமொழி இதுவே. மகனின் கைப்பேசியைப் பிடுங்க வேண்டா. சும்மா ஆடுகிறான் என்று நிம்மதி கொள்ளவும் வேண்டா. இத்தனை விலங்கு போதும் என்று ஓர் எண்ணை அவனே வகுக்கட்டும். மேற்கொண்டு பிடிக்க விரும்பினால், உள்ளதில் எதை விடுவது என்று யோசித்து விடட்டும். எதிர்வீட்டுப் பையனை இழிவாக எண்ண வேண்டா. அவன் கழிப்பவற்றை என்ன பெயரால் அழைக்கிறான் என்பதை மட்டும் அவன் தாயார் காது கொடுத்துக் கேட்கட்டும். தசலட்சண பருவத்தின் பத்து நாளும் இரு பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னோம். தொடர் அறுந்துவிடுமே என்று சேர்ப்போன் இப்போதே முணுமுணுக்கிறானாம். போட்டியாளன், பருவம் முடிந்த இடைவேளையில் வந்தால் எளிது என்றானாம். பிற இல்லங்களில் இவ்வாறு செய்து பார்த்தோர், எவனுக்கு எந்த நாளில் கடினமாயிற்று என்பதை இதழுக்கு எழுதியனுப்பினால் நன்று.